ஆபரேஷனுக்கு முன்பே வந்த வலி

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்க்காமல் காலம் தள்ளும் தொழில் ஒன்று உண்டென்றால், அது எங்களுடையதுதான். நான் நியூ ஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளியியல்காரன். டாக்டர்கள் நோயாளியைப் பார்ப்பார்கள். நான் எக்ஸெல் ஷீட்டில் அந்த நோயாளி உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதே நாற்காலி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர் அவசரத்துக்குத் தன் தலையைச் சொறிந்துகொள்ளும் அத்தனை பேருக்கும் இதைச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் இது புரியும்.

இந்த ஊரில் டாக்டருக்குப் படித்தால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்ற பயிற்சிக்கு இடம் கிடைத்தால்தான் மேற்கொண்டு பிழைப்பு. செப்டம்பரில் விண்ணப்பம், குளிர்காலம் முழுக்க இண்டர்வியூ, மார்ச்சில் முடிவு. முன்பெல்லாம் முதல் பரீட்சையில் வாங்கிய மார்க்கை வைத்து வடிகட்டினார்கள். பிறகு அந்தப் பரீட்சைக்கு மார்க் கிடையாது, பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்வோம் என்றுவிட்டார்கள். பிள்ளைகளின் மன அழுத்தம் குறையட்டும் என்ற நல்லெண்ணம்தான். அழுத்தம் எங்கேயும் போகவில்லை. பொடிநடையாக வந்து என் அறை வாசலில் நின்றுகொண்டது. எல்லோருக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டும். பேப்பர், பேப்பர், பேப்பர். பேப்பர் என்றால் கணக்கு. கணக்கு என்றால் இந்தச் சேகர்.

இடது முட்டி, வலது முட்டி

கெவின் என்று ஒரு மூன்றாம் வருஷ மாணவன். தங்கமான பையன், ஆனால் நின்ற இடத்தில் நிற்கமாட்டான். ஒரு கால் என் அறைக்குள், ஒரு கால் வராந்தாவில், இரண்டு கட்டைவிரலும் போனில். முழங்கால் மாற்று ஆபரேஷன் பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சி செய்திருந்தான். அதை ஓர் ஊரில் மருத்துவ மாநாட்டில் போஸ்டராக ஒட்டினான். அதையே இன்னோர் ஊரில் பத்து நிமிடம் பேசினான். இப்போது அதையே கட்டுரையாக எழுதப்போகிறான். விண்ணப்பத்தில் மூன்றும் தனித்தனி வரி. ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம்.

அதுவும் போதவில்லை. இடது முட்டிக்காரர்களை ஒரு பேப்பர், வலது முட்டிக்காரர்களை ஒரு பேப்பர் என்று பிரிக்கலாமா என்று கேட்டான். "தம்பி, முட்டிக்கு இடது வலது தெரியாது" என்று பொறுமையாக விளக்கி அனுப்பினேன். தொங்கிய முகத்தோடு போனவன் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினான். அவன் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: "சேகர், சில பேருக்கு ரெண்டு முட்டியும் மாத்தியிருக்காங்க இல்ல? அது மூணாவது பேப்பர்!"

ஒன்பதாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனாலும் நிம்மதி கிடையாது. வெண்டைக்காயின் நுனியைத் திருட்டுத்தனமாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தோளில் ஒரு கை. நாங்கள் போகும் கோயில் கமிட்டியில் இருக்கும் இதய டாக்டர். பையன் மெடிக்கல் ஸ்கூலில் மூன்றாம் வருஷமாம். படிப்பில் சூரனாம். பேப்பர் மட்டும் இல்லையாம். என் கையில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றில், எட்டுப் பேருக்கு அப்புறம் ஒன்பதாவது ஆளாகவாவது, அவன் பெயரைச் சேர்க்க வேண்டுமாம்.

கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பாக்களைச் சமாதானம் செய்தே பழகிய சமூகம் நாம். ஒரு பெயரைச் சேர்ப்பது நமக்கு ஒரு குற்றமாகவே தெரியாது. அவர் முகத்தில் துளி வெட்கமில்லை, உரிமையோடுதான் கேட்டார். வேலை செய்தவர்கள் பெயரைத்தான் போடமுடியும் சார், விதி அப்படி என்றேன். அவர் என் கையிலிருந்த வெண்டைக்காயை வாங்கி, தானே ஒரு தடவை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் வேலை செய்யமாட்டான்னு யாருய்யா சொன்னா? நீங்க பேரைப் போடுங்க, அப்புறம் செய்வான்."

ஸ்டூலில் ஒரு எலும்பு டாக்டர்

மிருதுளா அப்படிப்பட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அவள் அம்மா புவனா, என் மனைவி லதாவின் தோழி. ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கில் ஐடி கான்ட்ராக்டர். மிருதுளா எடிசனில் பிறந்தவள், மெடிக்கல் ஸ்கூல் மாணவி. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும், பதற்றம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஆறு வயதில் எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் பொம்மையின் கையை உடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பசை தேடி எடுத்துத் தானே ஒட்டிவைத்த ஆள். எலும்பு சர்ஜன் ஆகப்போகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அதில் இடம் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். அவளிடம் இரண்டு போஸ்டர் இருந்தது. முழுப் பேப்பர் ஒன்றுகூட இல்லை.

எங்கள் எலும்புப் பிரிவின் தலைமை சர்ஜன் ஒரு தலைப்பு கொடுத்தார். முழங்கால் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை ஒரு நர்ஸ் மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு விசாரித்தால், அவர்கள் வலி, வீக்கம் என்று எமர்ஜென்சிக்குத் திரும்பி ஓடிவருவது குறைகிறதா? போன் பழக்கம் தொடங்குவதற்கு முன் ஆபரேஷன் ஆனவர்கள் ஒரு கோஷ்டி, பின் ஆனவர்கள் ஒரு கோஷ்டி. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, ஆபரேஷன் ஆன தேதி, திரும்பி வந்த தேதி என்று ஏற்ற வேண்டும். என் அறையில் ஃபைல் வைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்போடும் வாயில் நேந்திரம் சிப்ஸோடும், வாரக்கணக்கில் ஏற்றினாள்.

கடைசிக் கட்டு பாக்கி இருக்கும்போது அவளுக்குப் பரீட்சை வந்தது. நான் முடித்துத் தருகிறேன் என்றேன். ஏப்ரல் மாதம் அது. நான் சென்னையிலிருந்து திரும்பி மூன்று நாள்கூட ஆகவில்லை. அப்பா பெயரிலிருந்த வீட்டை என் பெயருக்கு மாற்ற ஒரு மாதம் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று அலைந்து, ஃபாரம் ஃபாரமாகக் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டு வந்திருந்தேன். கண் எரிச்சலோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் ஏற்றினேன். அங்கங்கே தேதிகள் சிவப்பாக வந்தன. தூக்கக் கலக்கம் என்று நினைத்து, சிவப்பானதையெல்லாம் திருத்திக்கொண்டே போனேன். அந்தக் கட்டை என்னிடம் கொடுக்கும்போது மிருதுளா சொல்லியிருந்தாள்: "ஒவ்வொரு லைனும் ஒரு மனுஷன், அங்கிள். ப்ளீஸ் பி கேர்ஃபுல்."

அந்த ஒரு வரி

கணக்கு அழகாக வந்தது. நர்ஸின் போன் போனவர்கள் திரும்பி வருவது கணிசமாகக் குறைந்திருந்தது. இவ்வளவு சுத்தமான முடிவு என் மேஜையில் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

செப்டம்பரில், விண்ணப்பம் அனுப்ப வேண்டிய வாரத்தில், பத்திரிகையிலிருந்து ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்தது. மிருதுளாவின் பெயர் முதலில், சர்ஜனின் பெயர் கடைசியில், என் பெயர் நடுவில் எங்கோ. அன்று சாயங்காலம் புவனா வேலையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அனுப்பிய விண்ணப்பத்தைப் போனில் திறந்து, அந்த ஒரு வரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது. "அண்ணா, இத்தனை வருஷம் வளத்தது, படிச்சது, அழுதது எல்லாம் இந்த ஒரு லைன்ல வந்து நிக்குது பாருங்க."

ஹூஸ்டனில் ஒரு நர்ஸ்

இண்டர்வியூ அழைப்புகள் வந்தன. இப்போதெல்லாம் முக்கால்வாசி வீடியோவில்தான். மேலே கோட்டு, கீழே பைஜாமா. முடிந்த கையோடு என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒப்பிப்பாள். எல்லா இடத்திலும் அந்தப் பேப்பரைப் பற்றியே கேட்டார்களாம். அது இல்லாவிட்டால் கூப்பிட்டே இருக்கமாட்டார்கள் என்று ஓர் இடத்தில் வெளிப்படையாகவே சொன்னார்களாம்.

அவள் மனது வைத்தது ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரி. அவள் அண்ணன் பக்கத்திலேயே சுகர் லேண்டில் குடும்பத்தோடு இருக்கிறான். அங்கே பேட்டி எடுத்த தலைமை டாக்டர் பேப்பரை வரி வரியாகப் படித்திருந்தார். அவர்கள் வார்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாராம். ஆபரேஷன் ஆன அன்றே நோயாளியைக் கைப்பிடித்து நடக்கவைப்பதுதான் அவர் வேலை. ஜனவரி முடிவிலிருந்து அவரை அங்கிருந்து எடுத்துப் போனில் உட்காரவைக்கப் போகிறார்களாம். இதைச் சொல்லும்போது மிருதுளாவால் ஸ்டூலில் உட்காரமுடியவில்லை. எழுந்து, அந்தச் சின்ன அறைக்குள் இரண்டடி நடந்து, சுவரில் முட்டித் திரும்பினாள். "அங்கிள், நம்ம பேப்பரைப் படிச்சு ஒரு ஹாஸ்பிட்டலே மாறப்போகுது. நம்ம எக்ஸெல் ஷீட், அங்கிள்!"

முன்ஜாக்கிரதையான அம்மா

டிசம்பரில் கெவின் வந்தான். இரண்டு முட்டிக்காரர்களை அவன் மறக்கவே இல்லை. சர்ஜனிடம் அனுமதி வாங்கிவிட்டான். மிருதுளாவின் ஷீட்டைக் கொடுத்தால் அதிலிருந்து அவர்களைப் பொறுக்கிக்கொள்வான். கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு முழங்காலை ஆட்டிக்கொண்டே கீழே உருட்டிக்கொண்டு போனான். நான் வேறொரு மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முழங்கால் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் விரல் திரையில் ஒரு வரிசைமேல் இருந்தது. ஆபரேஷன் அக்டோபர் ஐந்து. எமர்ஜென்சிக்குத் திரும்பி வந்தது அதே வருஷம் மே இருபத்தொன்று. கெவினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சேகர், இந்த லேடி ஆபரேஷனுக்கு நாலரை மாசம் முன்னாடியே ஆபரேஷன் பண்ண எடத்துல வலின்னு வந்துட்டாங்க. பயங்கர முன்ஜாக்கிரதை!"

கை செய்த வேலை

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது மே பத்தாம் தேதி. அமெரிக்காவில் மாதத்தை முதலில் போட்டு 5/10 என்று எழுத வேண்டும். நான் நம் ஊர் வழக்கப்படி நாளை முதலில் போட்டு 10/5 என்று எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் அதைச் சமத்தாக அக்டோபர் ஐந்து என்று வாங்கிக்கொண்டது. திரும்பி வந்த இருபத்தொன்றாம் தேதியையும் 21/5 என்றுதான் போட்டிருப்பேன். இருபத்தொன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது சிவப்பாகக் காட்டியது, திருத்திவிட்டேன். நாள் பன்னிரண்டுக்கு மேல் இருந்ததெல்லாம் கத்தியது, சரியாயிற்று. பன்னிரண்டுக்குள் இருந்ததெல்லாம் வாயைத் திறக்காமல் தப்பாகவே உட்கார்ந்துகொண்டது. ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஒரு மாதம் பழகிய கை, மூளையைக் கேட்காமல் பார்த்த வேலை.

இப்படி அபத்தமான வரிசைகளைப் பிடிக்க வேண்டிய என் புரோகிராம் என்ன செய்தது? நாள் கணக்கு மைனஸில் வந்தால் அந்த ஆளைச் சத்தமில்லாமல் தூக்கிவிடு என்று பல வருஷத்துக்கு முன் நானே ஒரு வரி எழுதிவைத்திருந்தேன். அது தூக்கிவிட்டது. மற்றபடி, ஆபரேஷன் ஆன ஜூன் நான்கு ஏப்ரல் ஆறாகிவிட்டதால், பதினோரு நாளில் திரும்பி வந்தவர் எழுபது நாள் கழித்து வந்ததாகிவிட்டார். ஒரு மாதத்துக்குள் வந்தவர்களைத்தான் எண்ணினோம், ஆகவே அவர் வரவே இல்லை என்று கணக்கு. அதிலும் பாருங்கள், நான் ஏற்றிய கடைசிக் கட்டு முழுக்கப் போன் போன கோஷ்டி. தப்பு அத்தனையும் ஒரே பக்கம் விழுந்து, அந்தப் பக்கத்தை அழகாக்கிவிட்டது. கோப்புகளைத் திரும்ப எடுத்துவந்து தேதிகளைச் சரிசெய்து கணக்கை ஓட்டினேன். போன் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? வேலையைப் பற்றிய பயம் பாதி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றிய பயம் பாதி. பார்க்வே நெடுஞ்சாலையில் நான் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டினேன். அதே கணக்கை ஒன்பது தடவை ஓட்டினேன், ஏதோ பத்தாவது தடவை அதற்கு இரக்கம் வந்துவிடும் என்பதுபோல. லதாவிடம் மட்டும் ஐந்தாம் நாள் காலை காபியோடு சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு என்ன செய்யணும்னு முதல் நாளே தெரியும். தெரியாத மாதிரி இன்னும் எத்தனை நாளைக்குக் காலை ஆட்டிட்டே உக்காந்திருப்பீங்க?"

சர்ஜனின் யோசனை

சர்ஜனிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, கதவை மட்டும் சாத்தினார். நான் காட்டிய இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கெட்டிக்காரர், ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து என்மேல் பரிதாபப்பட்டார். தப்பு எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார். பத்திரிகைக்காரர்கள் எப்படியும் ஆமை வேகம் என்றார். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கட்டும், ஏப்ரலில் நிதானமாக எழுதிப்போடலாம் என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அறையில் எனக்கு மூச்சு வந்தது. யாரோ பெரியவர் முடிவெடுத்துவிட்டார், நாம் பேசாமல் இருந்தால் போதும் என்ற நிம்மதி. கதவைத் திறக்கும்போதுதான் ஹூஸ்டன் நர்ஸ் ஞாபகம் வந்தது. ஜனவரி முடிவிலிருந்து அங்கே ஆபரேஷன் ஆகிறவர்களை அன்றே நடக்கவைக்க ஆள் இருக்கமாட்டார். அதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அவங்க ஹாஸ்பிட்டல், சேகர். நம்ம பொறுப்பு நம்ம பொண்ணு."

புவனா கேட்டது

மிருதுளாவை வரச்சொல்லி, ஸ்டூலில் உட்காரவைத்து, முழுவதையும் சொன்னேன். சர்ஜன் சொன்ன யோசனையையும் மறைக்கவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, அந்த வரிசைகள் தான் ஏற்றியதா, நான் ஏற்றியதா என்பதுதான். நான் ஏற்றியது என்றேன். முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்தது. அடுத்த நொடி அந்த நிம்மதிக்காகத் தன்மேலேயே வந்த கோபம். பிறகு என்மேல் வந்த கோபம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிப்ஸ் பாக்கெட் மட்டும் மேஜையில் இருந்தது.

மறுநாள் காலை புவனா போன் செய்தாள். பின்னால் ரயில் சத்தம். ஆபீஸ் போகும் ரயிலில் ஏறாமல், நடைமேடையில் நின்றே பேசுகிறாள் என்று புரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரயில் போயிற்று. சர்ஜனே காத்திருக்கலாம் என்கிறார், உங்களுக்கு மட்டும் என்ன அவசரம் என்று கேட்டாள். நர்ஸைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அந்த நர்ஸ் யார்? நியாயம்தான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "அண்ணா, தப்பு பண்ணது உங்க கை. அதுக்கு என் பொண்ணு ஏன் தன்னோட இடத்தைக் குடுக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க, நான் வெச்சுடறேன்."

இரண்டு மெயில்கள்

 

நான் மட்டும் பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். எழுதியும் வைத்திருந்தேன், அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் இரண்டு நாளாக மேய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் மிருதுளா வந்தாள். கண் வீங்கியிருந்தது. அம்மாவோடு பெரிய சண்டை என்று கேட்காமலே தெரிந்தது. ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து இரண்டு மெயில்களைக் காட்டினாள். ஒன்று பத்திரிகைக்கு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று. இன்னொன்று பேட்டி எடுத்த எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும். என் விண்ணப்பத்தில் இருக்கும் ஒரே பேப்பர் இப்போது இல்லை, காரணம் இது, என்று நான்கு வரி. அதில் என் பெயர் இல்லை. தேதிகளை ஏற்றியதில் பிழை என்று மட்டும் இருந்தது. நான்தான் ஏற்றினேன் என்று போடு என்றேன். போட மறுத்தாள்.

சர்ஜனுக்குத் தகவல் சொன்னோம். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தடவை யோசித்துக்கொள்கிறாயா என்று நான் அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் கேட்டேன். அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடியபடி சொன்னாள்: "அங்கிள், ஐ டோல்ட் தெம். பேப்பர்ல முதல் பேர் என்னோடது. அந்த நர்ஸை மூவ் பண்ணச் சொன்னதே நான்தான்."

திங்கட்கிழமை

ஹூஸ்டனிலிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. நன்றி, நர்ஸை மாற்றும் திட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று ஒரே வரி. அவளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மற்ற இடங்களில் சிலர் பதில் போட்டார்கள், சிலர் போடவில்லை. ஜனவரியும் பிப்ரவரியும் எப்படிப் போயின என்று எனக்கு ஞாபகமில்லை. என் அறையின் கம்பளத்தில் ஒரு பாதை தேய்ந்திருப்பதை மட்டும் மார்ச்சில் கவனித்தேன்.

மார்ச்சில் முடிவு வரும் வாரத் திங்கட்கிழமை, இடம் உண்டா இல்லையா என்று மட்டும் மெயில் வரும். எங்கே என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். மிருதுளா வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க வேண்டி வரவில்லை. இடம் இல்லை. லதாதான் எனக்குப் போனில் சொன்னாள். 

அந்த இரண்டு மெயிலால்தானா? அது இல்லாமலும் கிடைக்காமல் போயிருக்குமா? இதைத்தான் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள், புள்ளியியல்காரன் ஆயிற்றே என்று. ஒரே ஒரு ஆளை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது. மெயில் அனுப்பாத மிருதுளா என்று இன்னொருத்தி இருந்து, அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் சொல்லமுடியும். இதை நான் கெவினுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் முதல்முறையாக இரண்டு கால்களையும் என் அறைக்குள் வைத்து, போனைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டான். போகும்போது தயங்கிச் சொன்னான்: "சேகர், நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது."

மறுபடியும் ஸ்டூல்

இடம் கிடைக்காதவர்கள் ஒரு வருஷம் ஆராய்ச்சியில் உட்கார்ந்து, இன்னும் நாலு பேப்பர் சேர்த்துக்கொண்டு மறுபடி முயல்வது இங்கே வழக்கம். மிருதுளா அதற்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். வேறிடம் போயிருக்கலாம், போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. புவனா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஓக் ட்ரீ ரோட்டில் கறிவேப்பிலைக்கு முன்னால் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவாள், லதாவிடம் நலம் விசாரிப்பாள். அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

புதிய விண்ணப்பத்தை என்னிடம் காட்டினாள். பழைய பேப்பரை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. தலைப்பு, பத்திரிகை, கடைசியில் ஒரு வரி: எங்கள் வேண்டுகோளின்படி திரும்பப் பெறப்பட்டது. அதைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். நடந்ததைச் சொல்வேன் என்று தோளைக் குலுக்கினாள். பிறகு அந்த வருஷத்தின் முதல் கோப்புக் கட்டைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தாள். நான் பழக்க தோஷத்தில் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஸ்டூலை முன்னால் தள்ளி உட்கார்ந்து, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள். "அங்கிள், டேட் நீங்க சொல்லுங்க, டைப் நான் பண்றேன்."

ஆக, இருபத்திரண்டு வருஷ அனுபவத்துக்குப் பிறகு இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்திருக்கும் பதவி, ஒரு எலும்பு டாக்டருக்கு எதிரே உட்கார்ந்து, மாதத்தை முதலில் சொல்லி, அவள் தலையசைத்த பிறகே நாளைச் சொல்வது.